கோழிப்பேன் குருவியிடமிருந்து வருகிறதா?

கோழிக்குப் பேன் பிடித்தால், கொட்டகையில் கூடு கட்டிய சிட்டுக்குருவி மீதும், தீவனம் கொத்த வரும் காகம், மைனா மீதும் பழி போடுவது வழக்கம். இப்பறவைகளின் உடலிலும் பேன் உண்டு என்பது உண்மையே. ஆனால் அது கோழியில் தங்கிப் பெருகுவது மிக அரிது.

பறவைப்பேன் முட்டைப் பருவம் முதல் இறுதி வரை பறவையின் உடலிலேயே வாழ்கிறது. ஒவ்வொரு வகையும் தனக்குரிய பறவையின் இறகைப் பற்றிக்கொள்ளும்படி அமைந்துள்ளது; வேற்றினப் பறவையில் அது நிலைத்து வாழ்வது அரிது. மாடப்புறாவைப் பாருங்கள். அதன் சிறகில் மெலிந்து நீண்ட ஒரு வகைப் பேன், இறகு இழைகளுக்கிடையே செருகிக்கொண்டு அலகுக்குத் தப்புகிறது. உடலிலோ குட்டையான வேறொரு வகை தூவிக்குள் புதைந்து வாழ்கிறது. ஒரே பறவையில் இவ்வாறு இடம் பிரித்து வாழும் உயிரினம், கோழிக்கு எளிதில் குடிபெயருமா?

ஓர் இனத்துக்குள்ளும் பேன் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான பறவைகளில் சிலவே இருக்க, ஓரிரண்டில் மட்டும் ஏராளமாக மொய்த்திருக்கும். (மாவுப்பூச்சி வயலில் திட்டுத்திட்டாகத் தோன்றுவதை உழவர்கள் அறிவார்கள்.) இதற்கு முக்கியக் காரணம் அலகு. கோதிக் கோதியே பறவை பேனை ஒழிக்கிறது. அலகு முழுதும் மூடாதபடி சிறு கம்பி பொருத்தப்பட்ட புறாக்களில் பேன் பெருகியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அலகு கோணலான பறவைக்கும் இதே கதிதான். முட்டைக் கோழிகளின் அலகு நுனியை வெட்டும் பண்ணையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அக்கோழிகளில் பேன் கூடுதலாகவே காணப்படுகிறது.

அப்படியானால் பேன் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சந்தையில் வாங்கிய கோழியிடமிருந்துதான். தாய்க்கோழி அடைகாத்து அணைக்கும்போது குஞ்சுக்கும் ஏறுகிறது. வான்கோழியைச் சேர்த்து வளர்த்தால் அதனிடமிருந்தும் வரக்கூடும்.

குருவிக்கு முழு விடுதலை தந்துவிட முடியாது. இரத்தம் உறிஞ்சும் செள் வகைகள் சில, காட்டுப் பறவைகளிலும் அவற்றின் கூடுகளிலும் வாழ்ந்து கோழிக்கும் வருகின்றன. பேனுக்கு ஆறு கால், வளர்ந்த செள்ளுக்கு எட்டு. கொட்டகைக்குக் கம்பிவலை அடிப்பது இதற்காகத்தான்.

ஒரு கோழியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேன் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பத்துக் கோழிகளையாவது பிடித்து, எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். கால்நடை மருத்துவர் கூறும் மருந்து பொதுவாகப் பேனைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. முட்டை 4 முதல் 7 நாட்களில் பொரிந்துவிடும். எனவே 10 முதல் 14 நாட்கள் கழித்து மறுமுறையும் மருந்திட வேண்டும்.