நெய்வேலிப் பங்கும் நம் பற்று நோட்டும்

நெய்வேலியில் கடை வைத்திருக்கும் நாம் சம்பளத் தேதியைப் பார்த்துத்தான் சரக்கு எடுக்கிறோம். பற்று நோட்டைப் புரட்டினால் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்களின் கணக்கே அதிகம். ஆகவே என்.எல்.சி. பங்கு விற்பனை என்ற பேச்சு எழும்போது, அது டெல்லி விவகாரம் என்று நாம் இருந்துவிட முடியாது.

தொழில் நிறுவனங்கள் நன்கொடை கொடுத்தே அரசியலில் செல்வாக்குப் பெறுகின்றன என்று பேசிக்கொள்கிறோம். இங்கே அது பொருந்தாது. கம்பெனிச் சட்டப்படி அரசு நிறுவனம் எந்தக் கட்சிக்கும் நன்கொடை தரக்கூடாது. (நன்கொடை ரசீதுப் புத்தகம் நம் கல்லாவுக்கு நேராக வருவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!) நெய்வேலிக்காக டெல்லியில் பேசியது பணமல்ல, எம்.பி.க்களின் எண்ணிக்கை.

2006இல் மன்மோகன் சிங் அரசு 10 சதவீதப் பங்கை விற்க முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முதல்வர் கருணாநிதியும் கடுமையாக எதிர்த்தார். தி.மு.க.வின் 16 எம்.பி.க்கள் ஆதரவு அந்த அரசுக்குத் தேவைப்பட்டது. ஜூலையில் பிரதமர் எல்லாப் பொதுத்துறைப் பங்கு விற்பனையையுமே நிறுத்திவைத்தார்.

2013இல் கதை வேறு. பொதுத்துறை நிறுவனப் பங்கில் குறைந்தது 10 சதவீதம் வெளியாரிடம் இருக்க வேண்டும் என்பது அப்போதைய செபி விதி. மத்திய அரசிடம் 93.56 சதவீதம் இருந்ததால் 3.56 சதவீதத்தை விற்றாக வேண்டிய நிலை. மீண்டும் வேலைநிறுத்தம். அப்போது முதல்வர் ஜெயலலிதா செய்தது நம் மண்டி யோசனைதான். சரக்கு வெளியாள் கைக்குப் போவதாயிருந்தால் நாமே எடுத்துக்கொள்வோம் என்பது. டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட 5 மாநில அரசு நிறுவனங்கள் அந்தப் பங்கை வாங்கின. செபியும் சம்மதித்தது.

2014இலும் 2019இலும் மத்தியில் ஆளும் கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைத்தது. தமிழக எம்.பி.க்களின் தயவு தேவைப்படவில்லை. 2024 மார்ச்சில் 7 சதவீதப் பங்கு சந்தையில் விற்கப்பட்டு, மத்திய அரசின் பங்கு 72 சதவீத அளவுக்கு இறங்கியது.

பங்கு கைமாறியதால் மட்டும் யாருடைய சம்பளமும் குறைந்துவிடாது. 51 சதவீதம் அரசிடம் உள்ளவரை அது அரசு நிறுவனம்தான். நம் வியாபாரத்தைத் தொடுவது வேறு விஷயம். நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்ற இடத்திற்கு ஒப்பந்தத் தொழிலாளி வந்தால், அதே வேலைக்குக் கடைக்கு வரும் பணம் குறைவு. எந்தக் கட்சி வேட்பாளர் ஓட்டுக் கேட்டு பஜாருக்குள் வந்தாலும், பங்கு விற்பனையோடு பணி நிரந்தரம் பற்றியும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.