எடை குறையவில்லையா? பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்!

பள்ளியில் செகாக் உடற்தகுதிச் சோதனை முடிந்து பிள்ளை வீடு திரும்பியதும் பல பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “எடை எவ்வளவு?” என்பதுதான். பெஞ்சில் 3 நிமிடம் ஏறி இறங்க முடிந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

காரணம், இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். விடியற்காலையில் நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களைச் சுற்றி நடந்து பால் வெட்டிய தாத்தா பாட்டியின் உழைப்பு இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. சாப்பாடு மட்டும் குறையவில்லை.

நாம் உண்ணும் சோறும் ரொட்டி சானாயும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அதில் பெரும் பகுதியை வாங்கிக்கொள்ள வேண்டியவை தசைகள். அதற்கு இன்சுலின் உதவுகிறது. அசையாமல் உட்கார்ந்தே இருக்கும் உடலில் இன்சுலினின் பேச்சு எடுபடாது. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகும். ஓடும்போதோ, வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. விளையாடி முடித்த பின்னரும் ஒன்றிரண்டு நாள்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எடை குறையாவிட்டாலும் இந்தப் பலன் கிடைக்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பும் குறையக்கூடும். அதுவரை அசையாமல் இருந்த பிள்ளைக்குச் சிறிய முயற்சியே நல்ல பலன் தரும். இரண்டாவது, அந்தப் பலன் சில நாள்களில் மங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூப்பந்து ஆடினால் போதாது. தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பிள்ளையின் பின்கழுத்தும் அக்குளும் கறுத்து, தோல் தடித்திருக்கிறதா? அதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக அது இருக்கலாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எடுத்த எடுப்பிலேயே அவ்வளவு வேண்டாம். இரவு உணவுக்குப் பின் குடும்பமாகத் தாமானைச் சுற்றி 10 நிமிட வேக நடையில் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டுங்கள். பின்னர் கயிறு தாண்டுதல், கபடி, காற்பந்து எனப் பிள்ளைக்குப் பிடித்ததைச் சேருங்கள். விளையாடியதும் இனிப்புப் பானம் வேண்டாம், தண்ணீர் போதும்.

ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ, ஆஸ்துமா இருந்தாலோ, பிள்ளை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாலோ முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

எஸ்.பி.எம். ஆண்டு வந்துவிட்டால் பல வீடுகளில் முதலில் நிற்பது விளையாட்டுதான். டியூஷனுக்கு நேரம் ஒதுக்கும் அட்டவணையிலேயே அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். தேர்வு முடிந்த பிறகும் பிள்ளை வாழப்போவது அதே உடலில்தானே!