வீட்டில் மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுதலும் சர்க்கார் மானியமும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

பெட்ரோல் வேண்டாத மின்சார ஸ்கூட்டர்கள் நமது கிராமங்களில் நாளுக்கு நாள் அதிகரித்து வருவதை ரயத்துக்கள் நேரிலேயே கண்டிருப்பார்கள். அவற்றோடுகூட, வீட்டில் சார்ஜர் வைப்பதற்குச் சர்க்கார் பணம் கொடுக்கிறதாமே, அதை எவ்விதம் பெறுவது என்னும் கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது. எனது சரகத்தைச் சேர்ந்த ரயத்து ஒருவர், மானியம் பின்னால் வந்துவிடுமென்று வண்டி விற்றவர் கூறிய வாய்ச்சொல்லை நம்பி, சுவரில் பொருத்தும் சார்ஜர் ஒன்றிற்குத் தனியே பணம் கட்டினார். ஒரு வருஷம் சென்றும் யாதொன்றும் வரவில்லை. அவருடைய ஸ்கூட்டருக்கு அக்கருவி தேவையுமில்லை. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விவரமாக எழுதலானேன்.

வீட்டுச் சார்ஜருக்கென்றே பணம் கொடுத்த சர்க்கார்கள் இல்லாமலில்லை. டில்லி சர்க்கார் 2020-ஆம் வருஷத்துத் திட்டத்தில், முதல் 30,000 சார்ஜர்களுக்கு, ஒன்றிற்கு ரூ. 6,000 வரையில் அளிப்பதாக அறிவித்தது. பிரிட்டனில் சொந்தத் தனிவீட்டுக்காரர்கள் பெற்றுவந்த 350 பவுன் உதவி 2022 மார்ச்சு மாதத்துடன் நின்று, பிறகு வாடகைக்குக் குடியிருப்போருக்கும் அடுக்குமாடி வீட்டுக்காரருக்குமே உரியதாயிற்று. அமெரிக்காவில் செலவில் 30 சதவீதத்தை, 1,000 டாலருக்கு மேற்படாமல், வருமான வரியில் கழித்துக்கொள்ள 2022-ஆம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுத்தது. நாட்டுப்புறங்களிலும் வருமானங் குறைந்த பகுதிகளிலும் உள்ள வீடுகளுக்கு மாத்திரமே அச்சலுகை. 2026 ஜூன் 30-ந் தேதிக்குப் பின் பொருத்துவோருக்கு அதுவும் இல்லையென்று 2025-ல் வேறொரு சட்டம் செய்துவிட்டார்கள். எங்கும் இவ்வுதவிகளுக்குத் தவணையும் நிபந்தனையும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

நமது மத்திய சர்க்கார் 2024 அக்டோபரில் ஆரம்பித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கென ஒதுக்கிய ரூ. 2,000 கோடியும் பொது நிலையங்களுக்கே உரியது. வீட்டுச் சுவருக்கு அதில் பங்கில்லை. ஆனால் 1-8-2019 முதல் சார்ஜர்களின் மீதான சரக்கு சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மனுப் போடாமலே வாங்குவோர் யாவருக்கும் கிடைக்கும் அனுகூலம் இது. விலைச்சீட்டில் அதைச் சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

ஸ்கூட்டருக்குத் தனிச் சார்ஜர் வேண்டுவதில்லை என்றேன். வண்டியோடு வரும் சார்ஜரைச் செருக நல்ல 15 ஆம்பியர் பிளக்கும், செம்மையான எர்த்தும் இருந்தால் போதும். இருக்கும் வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் ஏற்றிக் கொள்ளலாமென்று 2022 ஜனவரியில் வெளியான மின்சார மந்திராலயத்தின் விதிகள் கூறுகின்றன. கார் வாங்குவோர் மாத்திரம் தங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளுவை முன்னதாகவே உயர்த்திக் கொள்வது நலம்.

இங்கு முக்கியமாய் எச்சரிக்க வேண்டியது ஒன்றுண்டு. பம்பு ஷெட்டு லைன் இலவசமாயிற்றே, அதிலிருந்து ஒயர் இழுத்து வண்டிக்கு ஏற்றினால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள், இழுத்தும் இருக்கிறார்கள். அம்மின்சாரம் பயிருக்கு நீர் இறைப்பதற்கென்று கொடுக்கப்பட்டது. வேறு காரியத்திற்கு உபயோகித்தால், 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி, உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு விதிக்கப்படும். எத்தனை நாளாக நடந்ததென்று தெரியாவிட்டால், சோதனைக்கு முந்திய 12 மாதத்திற்கும் கணக்கிடுவார்கள். நாளொன்றுக்கு ஒரு யூனிட் மிச்சப்படுத்தப்போய், கிணற்று லைனுக்கே வில்லங்கம் தேடிக்கொள்வது எவ்விதத்திலும் புத்திசாலித்தனமாகாது.

உண்மையில் பெருந்தொகை கிடைக்குமிடம் வீட்டுக் கூரை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட் சூரியத் தகட்டிற்கு ரூ. 30,000, இரண்டிற்கு ரூ. 60,000, மூன்றும் அதற்கு மேலும் ரூ. 78,000 மானியம். முதலில் நாம் செலவு செய்து, பதிவு பெற்றவரைக் கொண்டு பொருத்தி, நெட் மீட்டர் வைத்து, பரிசோதனை முடிந்த பின்னரே மானியம் பாங்கிக் கணக்கில் சேரும். பகலில் உண்டாகும் மின்சாரம் லைனுக்குச் சென்று, இரவில் நாம் வண்டிக்கு எடுப்பதற்கு ஈடாகக் கழிக்கப்படும்.

எனினும் மானியம் உண்டென்ற ஒரே காரணத்திற்காக எல்லோரும் தகடு பரப்ப வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு உத்தேசமாய் ஒரு யூனிட், அதாவது இரண்டு மாதத்திற்கு 60 யூனிட்டே செலவாகும். நமது ராஜ்யத்தில் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாதலால், சிறு குடும்பத்திற்குக் கட்டணம் சொற்பமாகவே ஏறும். போட்ட முதல் திரும்ப வெகுகாலமாகும். காரின் கணக்கு வேறு. நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 7 யூனிட், இரண்டு மாதத்திற்கு 420 யூனிட் சேரும். யூனிட்டுக்கள் ஏற ஏற விகிதமும் ஏறுவதால் பில் பெரிதும் உயரும். கிலோவாட்டிற்கு நாள்தோறும் சுமார் 4 யூனிட் வீதம், 3 கிலோவாட் தகடு 12 யூனிட் தருமாகையால், காருக்குப் போக வீட்டிற்கும் மீதியுண்டு.

மனு எழுதுமுன் மின்சாரச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதென்று பார்த்துக் கொள்ளவும். நமது வீடுகள் பலவற்றில், காலஞ்சென்ற தகப்பனார் அல்லது பாட்டனார் பெயரிலேயே இணைப்பு இருந்து வருகிறது. மனுதாரர் பெயரும், இணைப்பின் பெயரும், பாங்கிக் கணக்கின் பெயரும் ஒத்திராவிட்டால் காரியம் அங்கேயே நின்றுவிடும். வாரிசுச் சான்றும் வீட்டு வரி ரசீதும் கொண்டு பெயர் மாற்றம் செய்துகொண்டு பிறகு மனுச் செய்க. இச்சான்றுகளைத் தாமதமின்றி முடித்துக் கொடுப்பதில் கிராம அதிகாரிகள் சிரத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறேன். தங்கள் எல்லைக்குள் தகடு பொருத்தச் செய்யும் பஞ்சாயத்துக்களுக்கும் இத்திட்டத்தில் ஊக்கத்தொகை உண்டு.