வேலை போன தேதி என்ன?

காஞ்சீபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் காலை வேளையில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். சத்தம் கேட்காத வீடுகளும் உண்டு. அங்கே தறி இருக்கிறது. நாடா இருக்கிறது. நெய்கிறவரும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பாவுதான் இல்லை!

அவருக்கு வேலை போய்விட்டதா? போய்விட்டது என்றுதான் அண்டை வீட்டார் சொல்வார்கள். என்றைக்குப் போயிற்று? யார் நிறுத்தினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் கிடையாது.

அதே தெருவிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் இளைஞனின் சங்கதி வேறு. அவனுக்கு வேலை போனால் அதற்கு ஒரு தேதி உண்டு. மனுச் செய்ய ஓர் அலுவலகமும் உண்டு. அப்படியிருந்தும் பணம் கைக்கு வருவது லேசான காரியம் அல்ல.

பாதிச் சம்பளம், 90 நாள்

வேலையிழந்தவருக்குக் கட்டாயக் காப்பீட்டின் மூலம் பணம் தரும் ஏற்பாட்டை பிரிட்டன் 1911-லேயே சட்டமாக்கியது. இந்தியாவில் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் இ.எஸ்.ஐ., 1948-ல் பிறந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரில் பண்டித நேரு அதைத் தொடங்கி வைத்தார். நோய்க்குப் பணம் கிடைத்தது, பிரசவத்துக்குக் கிடைத்தது, வேலையில் விபத்து நேர்ந்தால் கிடைத்தது. வேலையே போனால்? அதற்கு வழி பிறக்க 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! அந்த வருஷம் ஏப்ரலில் ராஜீவ் காந்தி பெயரால் ஒரு திட்டம் வந்தது. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ அதில் பணம் உண்டு.

பிறகு 2018 ஜூலையில் 'அடல்' திட்டம் வந்தது. முதலில் கால் பங்குச் சம்பளம்தான். கொரோனா ஊரடங்கு வந்த 2020-ல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். சராசரி நாள் சம்பளம் 500 ரூபாய் என்றால், நாளைக்கு 250. மொத்தம் 90 நாளைக்கு 22,500 ரூபாய். ஆயுளில் ஒரு முறைதான். வாடகையும் பால் கணக்கும் தலைக்கு மேல் நிற்கிற வீட்டில் இது சிறிய தொகையா?

சிக்கல் மனுவில் ஆரம்பிக்கிறது. குறைந்தது இரண்டு வருஷம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்திய சந்தாக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்திய மூன்று காலங்களில் ஒன்றிலும் அதே 78 நாள் வேண்டும். இங்கேதான் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவன் மாட்டிக்கொள்கிறான். ஒப்பந்தக்காரர் மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணைச் சொல்லாமல் புது எண் வாங்கி விடுகிறான். உழைத்தது மூன்று வருஷம். புது எண்ணில் தெரிவதோ எட்டு மாதம்! ஆதாரில் ஒரு மாதிரியும் காப்பீட்டு ஏட்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் அதுவும் இடைஞ்சல்.

ஆரம்பத்தில் மனுவை முதலாளி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றிருந்தது. வேலையை விட்டு அனுப்பியவரிடமே போய்க் கையெழுத்துக்கு நிற்பதா? நல்ல வேளையாக 2020-ல் அதை மாற்றி, தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றார்கள். 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் 30 நாளாகக் குறைந்தது. திட்டத்தின் கெடு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டே வந்திருக்கிறது. ஆகவே, மனு எழுதுமுன் கிளை அலுவலகத்தில் அதைக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

ஒரு வார்த்தை செய்யும் வேலை

எல்லாவற்றையும்விட முக்கியம், வேலை எப்படிப் போயிற்று என்று காகிதத்தில் எழுதியிருப்பது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு இந்தப் பணம் இல்லை. வயதாகி ஓய்வு பெற்றவருக்கு இல்லை. 'விருப்ப ஓய்வு' என்று போனவருக்கும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஓடத் தொடங்கிய நோக்கியா செல்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. அதற்கு முன்பே அந்த வருஷம் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்று வெளியேறினார்கள். கம்பெனி ஒரு தொகை கொடுத்தது. மூடப்போகிற ஆலையில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். ஆனால் காப்பீட்டுச் சட்டம் அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறது. ஆட்குறைப்பு என்றால் ஒரு வழி. விருப்ப ஓய்வு என்றால் வேறு வழி. மொத்தமாக ஒரு தொகையைக் காட்டிக் கையெழுத்து கேட்கும்போது இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் வேண்டும்.

தறிக்கு யார் முதலாளி?

இனி அந்தத் திண்ணைக்கு வருவோம். பட்டு நெசவாளர் வீட்டில் குழித்தறி பெரும்பாலும் அவருடையதே. பட்டும் சரிகையும் சங்கத்திலிருந்தோ, தனி முதலாளியிடமிருந்தோ வரும். நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் இன்னொரு ஆளும் கை கொடுக்க வேண்டும்.

சரிகை விலை ஏறினால் பாவு வருவது தாமதமாகும். ஐப்பசி மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக் குழியிலும் ஈரம் ஏறும். ஆனால் 'நாளை முதல் வரவேண்டாம்' என்று யாரும் சொல்வதில்லை. 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்பார்கள். அடுத்த வாரமும் அதையே சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் அவர் வேலையிழந்தவர் அல்ல. ஏனென்றால் அவர் யாருக்கும் சம்பள ஆள் அல்ல!

1953-ல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியை அண்ணாவும் அவருடைய தோழர்களும் தெருத் தெருவாகத் தோளில் சுமந்து விற்றார்கள். அண்ணா இதே காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி டில்லியிடம் வாதாடினார். அதே 1953-ல் மில் துணிக்குத் தனி வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குத் திருப்பினார்கள். அதே வருஷம்தான் ஆலைத் தொழிலாளிக்கு, வேலை இல்லாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம் என்று சட்டம் திருத்தப்பட்டது. துணிக்குப் பாதுகாப்பு கிடைத்தது; ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. தறிக்காரரை அந்தத் திருத்தம் எட்டவில்லை.

அவருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் நியாயமல்ல. தமிழ்நாட்டுக் கூட்டுறவு நெசவாளருக்கு 1975-லிருந்து சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ரூபாய்க்கு 8 பைசா கூலியில் பிடிப்பார்கள். சர்க்கார் 4 பைசா சேர்க்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூலி இல்லாத மாதத்தில் பிடித்தம் இல்லை. சர்க்காரின் பங்கும் இல்லை. கை வறண்ட மாதத்தில் இந்தக் கணக்கும் வறண்டு நிற்கும். கைத்தறி, பட்டு நெசவாளருக்கு நல வாரியம் ஒன்றும் உண்டு. ஊரடங்குக் காலத்தில் நிவாரணம் அந்த வாரியத்தில் பதிந்தவர்களுக்கு வந்தது. பதிவு இல்லாதவரைத் தேடிப் பிடிப்பது சிரமம் அல்லவா?

வேடிக்கை என்னவென்றால், நெசவாளருக்கும் தேதிகள் இருக்கின்றன. பாவு வாங்கிய நாளும் சேலை கொடுத்த நாளும் சங்கத்துப் பேரேட்டில் ஏறுகின்றன. ஒரு சேலை கொடுத்த நாளுக்கும் அடுத்த பாவு வாங்கிய நாளுக்கும் நடுவே எத்தனை நாள் போயிற்று என்று எண்ண ஒரு குமாஸ்தா போதும். தனி முதலாளியிடம் நெய்கிறவருக்கு அந்தப் பேரேடும் இல்லை. அவரிடம் இருப்பதெல்லாம் வீட்டில் சுவரில் தொங்கும் காலண்டரில், சேலை கொடுத்த நாட்களில் போட்ட பென்சில் வட்டங்கள்தான்.