பணம் கட்டுமுன் பஸ்ஸைப் பாருங்கள்!

தேவதானத்திலிருந்து சேத்தூர் வழியாக ராஜபாளையத்துத் தனியார் பள்ளிக்குக் குழந்தையை அனுப்பப் போகிறீர்களா? நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியைக் கும்பிட்டுவிட்டுப் புறப்படும் முன் ஒரு நிமிஷம்!

“பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிற இடமாமே?” என்றுதான் பாட்டி முதலில் கவலைப்படுவாள். ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து படிக்கவில்லையா? நீங்கள் கவலைப்பட வேண்டியது பஸ்ஸைப் பற்றி.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இறந்தாள். அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டில் பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் வந்தன. மஞ்சள் வர்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, குழந்தைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாள் எல்லாம் வேண்டும்.

ஆகவே நீங்களே ஏறிப் பாருங்கள். விரிப்பைத் தூக்கித் தரையை மிதித்துப் பாருங்கள். டிரைவர் முறைத்தால் முறைக்கட்டும்!

சம்பளமா? 2009-ஆம் வருஷச் சட்டப்படி, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையிலான கமிட்டி தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். இடம் தருவதற்கு ‘நன்கொடை’ வாங்கினால் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு.

மழை நாளில் பஸ் வரத் தாமதமானால் யாருக்குப் போன் செய்வது? அந்த நம்பரையும் அன்றைக்கே குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.