தேடிய தேட்டம்: பத்திரத்தில் பெயரில்லாதவரின் பங்கு

‘பிரிந்துவிட்டார்கள்’ என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று நிலைகளைச் சுட்டிவிடுகிறோம். கணவனும் மனைவியும் தாமாகவே வெவ்வேறு வீட்டில் வாழத் தொடங்குவது ஒன்று. சட்டத்தின் பார்வையில் அவர்கள் இன்னும் தம்பதியரே. நீதிமன்ற ஆணை பெற்றுப் பிரிந்து வாழ்வது மற்றொன்று. சேர்ந்து வாழும் கடப்பாடு நீங்குமேயன்றி மணம் முறியாது, மறுமணமும் இயலாது. மணவிலக்கு மூன்றாவது. பத்தாண்டு ஒதுங்கி வாழ்ந்தாலும் முதல் நிலை மூன்றாவதாக மாறிவிடாது.

1807இல் அரச சாசனத்தின்வழி பினாங்கில் நீதிமன்றம் அமைந்தபோது, இங்குள்ள மக்களின் சமயமும் வழக்கமும் இடந்தரும் அளவிலேயே ஆங்கிலச் சட்டம் செல்லுமென வகுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டின் நிழலில் இந்துத் திருமணங்கள் நெடுங்காலம் வழக்கத்தையே சார்ந்திருந்தன. இஸ்லாமியர் அல்லாதார்க்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபின் ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. திருமணப் பதிவும் கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டிப் பதிவை மறந்தவர்கள் பின்னாளில் மணவிலக்குக் கோரி வரும்போது படும் இடர்ப்பாடு தனிச் சொற்பொழிவுக்குரியது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இம்மாநிலத்தின் 2004ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் ஷரியா நீதிமன்றமும் உண்டு.

இனிச் சொத்துக்கு வருவோம். வீடு கணவர் பெயரில். வங்கிக் கடனும் அவர் சம்பளத்தில் கழிந்தது. மனைவி சமைத்தார், பிள்ளைகளை வளர்த்தார், மாமியாரின் நோய்ப் படுக்கையருகே இருந்தார். அவருக்குப் பங்குண்டா? ‘பெயரில்லையே, என்ன கேட்பது?’ என்று அவரே சொல்லிவிடுகிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 76ஆம் பிரிவு இல்லப் பணியைத் தொடக்கம் முதலே ஒரு பங்களிப்பாகக் கருதியது. எனினும் ஒருவர் தனித்து ஈட்டிய சொத்தில் ஈட்டியவருக்கே பெரும்பகுதி என்றது. 2017இல் நிறைவேறி 2018 டிசம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் அந்த ஏற்றத்தாழ்வை நீக்கிற்று. பணம், உழைப்பு, குடும்ப நலனுக்குச் செய்த பணி, மணவாழ்வின் கால அளவு, இருவரின் நன்மைக்கென வாங்கிய கடன், வயது நிரம்பாப் பிள்ளைகளின் தேவை ஆகியவற்றை எடைபோட்டு, சமப் பங்கை நோக்கியே நீதிமன்றம் சாய வேண்டும் என்பது இன்றைய விதி. சாய வேண்டும் என்பது சரிபாதி உறுதி என்றாகாது. இதை மறைத்து ஆறுதல் கூறுவது தவறு. திருமணத்திற்கு முன்பே ஒருவர் வாங்கிய வீடாயினும், மணவாழ்வின்போது மற்றவரின் முயற்சியாலோ இருவரின் முயற்சியாலோ அது கணிசமாக மேம்பட்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

இத்தகைய சொத்தை மலாய் வழக்கு ‘ஹர்த்தா செபென்சாரியான்’ என்கிறது: சேர்ந்து தேடிய பொருள். முஸ்லிம் குடும்பச் சட்டத்தில் அச்சொல் இன்றும் வழங்குகிறது. நாமோ ‘மணவாழ்க்கைச் சொத்து’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு தடுமாறுகிறோம். ஆனால் தமிழில் இதற்குப் பழஞ்சொல் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. மணவாழ்வில் ஈட்டியதே தேடியதேட்டம். அது ஒருவர் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சம உரிமை உண்டென்றது யாழ்ப்பாணத்துக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். 1947இல் அவ்விதி திருத்தப்பட்டது என்பது வேறு கதை. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த முன்னோர்க்கு இச்சொல் புதிதன்று. ‘என் பெயரில் இல்லை’ என்று தயங்கும் பெண்ணிடம் ‘அது உங்கள் தேட்டமும்தான், அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். சட்டப் பிரிவின் எண்ணைவிட விரைவாக விளங்கும்.

விளங்கினால் மட்டும் போதாது, மெய்ப்பிக்கவும் வேண்டும். வீட்டுக்கு முன்பணம் கட்ட வளையலை அடகு வைத்த சீட்டு, முறுக்குச் சுட்டு விற்ற கணக்கு நோட்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, வங்கிக் கணக்கேடு எல்லாம் சான்றுகளே. வீட்டைவிட்டு வெளியேறும் அவசரத்தில் நம் பெண்கள் நகையை எடுக்கிறார்கள். அடகுச் சீட்டை விட்டுவிடுகிறார்கள்.

இருவரும் ஒத்துப் போகாத வழக்காயின், மனுச் செய்யுமுன் தேசியப் பதிவுத் துறையின் இணக்கக் குழுவிடம் செல்ல வேண்டும். இருப்பிடம் தெரியாமல் விட்டுச் சென்ற துணை போன்ற சில நிலைகளுக்கு விலக்குண்டு. அக்குழுவின் முன் வழக்கறிஞர் வாதாட இயலாது. குழுவின் அனுமதியின்றிக் குடும்பத்தாரைத் தவிர வேறெவரும் பேசவும் முடியாது. ஆகவே தம் நிலையைத் தாமே எடுத்துரைக்கப் பழகியிருத்தல் நன்று. வழக்கறிஞர் கட்டணம் கட்ட இயலாதோர் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் நாடலாம். பினாங்கில் 1985 முதல் இயங்கிவரும் மகளிர் மாற்ற மையமும் வழிகாட்டும்.

இருவரும் இசைந்து தொடுக்கும் கூட்டு மனுவே எளிது. மணமாகி ஈராண்டு கழிந்திருக்க வேண்டும். அதில்தான் விழிப்பும் மிகுதியாகத் தேவை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு உண்டா என நீதிமன்றம் பார்க்கும். ஆயினும் அதன்முன் வருவது நாம் கையொப்பமிட்ட தாளே. ‘சொத்தில் உரிமை கோரவில்லை’ என்னும் ஒற்றை வரி அதில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி கேட்பதில் வெட்கமில்லை. கேட்டபின் ஒப்பமிடலாம், மறுக்கவும் செய்யலாம். முதல் ஆணை கிடைத்த அன்றே மணம் முறிந்துவிடுவதில்லை. வழக்கமாக மூன்று மாதம் கழித்து அது முடிவான ஆணையாகும்வரை இருவரும் தம்பதியரே.