மறுதாம்பு விட்ட தேக்குக் காடு

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயத்தைச் சுற்றியுள்ள கடியாபட்டி, ராயவரம் போன்ற ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளுக்குள் ஒரு தடவை நுழைந்தவர்களுக்கு அங்குள்ள தேக்குத் தூண்கள் மறக்கவே மறக்காது. அவற்றில் பெரும்பாலானவை பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. "அப்படியானால் நம் சீமையில் தேக்கு விளையவில்லையா?" என்று கேட்கத் தோன்றும். விளைந்தது. ஆனைமலைக் காடுகளில் ஏராளமாக விளைந்தது. அதை வெட்டித் தீர்த்த கதையும், தீர்ந்த காட்டை மறுபடி தழைக்க வைக்கப் பாடுபட்ட ஒரு வெள்ளைக்கார வன அதிகாரியின் கதையும் பலருக்குத் தெரியாது.

அந்த அதிகாரியின் பெயர் ஹ்யூகோ உட். 'உட்' என்றால் இங்கிலீஷில் மரம் என்றும் காடு என்றும் பொருள். பெயர்ப் பொருத்தம் இப்படி எல்லோருக்கும் வாய்த்துவிடாது!

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலை ஏறினால் வருவது டாப் சிலிப். இந்த விசித்திரமான பெயர் எப்படி வந்தது? மலை மேல் வெட்டிய தேக்கு மரங்களை யானைகள் இந்த உச்சிக்கு இழுத்து வரும். இங்கிருந்து அடிவாரத்துக்குச் சறுக்கி விடுவார்கள். மரம் சறுக்கிய இடம் என்பதால் அந்தப் பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆனைமலைத் தேக்குக்குக் கப்பல் தளங்களில் பெரிய கிராக்கி. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு அது போயிற்று. தேக்கு தண்ணீரில் உளுக்காது, கரையான் அண்டாது, அடித்த இரும்பு ஆணி துருவேறாது. 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ரயில் ஓடத் தொடங்கியதும் இன்னொரு வாயும் திறந்துகொண்டது. ஒரு மைல் இருப்புப் பாதைக்கு ஏறத்தாழ 1,700 முதல் 2,000 வரை கட்டைகள் வேண்டும். போட்ட கட்டையும் சில வருஷங்களில் மாற்ற வேண்டும். மலை எத்தனை நாள் தாங்கும்?

அடிக்கட்டையில் ஒரு யோசனை

உட் ஆனைமலையில் வேலையை ஏற்றது முதல் உலக யுத்த காலத்தில், 1915-16 வாக்கில். வெட்டு முடிந்து மொட்டையாக நின்ற சரிவுகளுக்கு அவர் வகுத்த வழி, புதுக்கோட்டை விவசாயி யாருக்கும் புதிதல்ல. கரும்பை வெட்டிய பின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு விடுகிறதே, அதே வழிதான். இன்று மாவட்டமெங்கும் பரந்திருக்கும் தைல மரத் தோட்டங்களிலும் ஒரு தரம் வெட்டிவிட்டுக் கட்டையிலிருந்து துளிர்ப்பதை வளர்க்கிறார்கள். (தைல மரம் தண்ணீரைக் குடிக்கிறது என்று விவசாயிகளுக்கு இருக்கும் மனஸ்தாபம் தனிக் கதை.)

தேக்கை வேரோடு பிடுங்காமல் தரைக்குச் சற்று மேலே சுத்தமாக வெட்டினால் கட்டையைச் சுற்றிப் பல துளிர்கள் வரும். அவற்றில் திடமான ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். கீழே பழைய வேர் அப்படியே இருப்பதால் முதல் சில வருஷங்களில் விதைக் கன்றைவிட இந்தத் துளிர் வெகு வேகமாக ஓங்கும். காட்டைக் கூப்புகளாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். கடைசிக் கூப்புக்கு வந்து சேரும்போது முதல் கூப்பு மறுபடி மரமாகியிருக்கும். இடையில் தீ புகாமல் பாதுகாக்க வேண்டும். கேட்பதற்கு எளிதான கணக்குத்தான். ஆனால் மரம் உடனே வேண்டும் என்று அவசரப்படும் சர்க்காரிடம் "இந்தப் பக்கம் இத்தனை வருஷம் கோடாலி கூடாது" என்று சொல்வது எளிதல்ல.

உட்டைப் பற்றி மலையில் ஒரு கதை சொல்வார்கள். வெள்ளிப் பூணிட்ட கைத்தடியுடன், சட்டைப் பை நிறையத் தேக்கு விதையுடன் அவர் நடப்பாராம். போகிற வழியெல்லாம் தடியால் குழி போட்டு ஒவ்வொரு விதையாக இட்டுக்கொண்டே போவாராம். அழகான கதை! ஆனால் தேக்கு விதை அவ்வளவு சுலபமாக மசிவதில்லை. அதன் ஓடு கெட்டி. ஊற வைத்தும் காய வைத்தும் பல நாள் பக்குவம் செய்தால்தான் ஓரளவாவது முளைக்கும். 1840-களில் நிலம்பூரில் மலபார் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் இந்த விதையோடு மல்லாடித்தான் தேக்குத் தோட்டம் போட்டார்கள். கைத்தடி விதைத்தது கொஞ்சமாக இருக்கலாம். அடிக்கட்டை கொடுத்ததுதான் அதிகம்.

உட்டை வனதேவதை போலப் பாடுவதும் சரியல்ல. அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். காட்டைக் காப்பாற்றியது, தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருக்கலாம் என்பதற்காகவும்தான். பலவகை மரங்கள் கலந்து நின்ற இடங்களில் ஒரே ஜாதி மரத்தை வளர்த்தது நல்லதா என்று இன்று தாவர சாஸ்திரிகள் கேட்கிறார்கள். 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்த காடரும் மலசரும் தங்கள் காட்டிலேயே அனுமதி கேட்டு நடக்க வேண்டியவர்களானார்கள். யானையைப் பழக்கியதும், மரத்தை இழுத்ததும், கன்றுக்குக் களை எடுத்ததும் அவர்களைப் போன்றவர்களின் கைகள். கல்லில் பெயர் இருப்பது துரைக்குத்தான்.

திரும்பி வந்த துரை

தேக்கு வைரம் பாய்ந்து முதிர அறுபது, எண்பது வருஷம் பிடிக்கும். நட்டவன் அதன் பலகையைப் பார்ப்பதில்லை. உட்டும் பார்க்கவில்லை. காசநோயால் பீடிக்கப்பட்டு 1933-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி குன்னூரில் காலமானார். தம் உடலை ஆனைமலைக்கே கொண்டு போய்த் தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கான செலவுக்குத் தம் சேமிப்பை விட்டுச் சென்றதாகச் சொல்வார்கள். அப்படியே டாப் சிலிப்புக்குக் கொண்டு வந்து புதைத்தார்கள்.

கல்லறையில் லத்தீனில் ஒரே ஒரு வாசகம். நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார் என்பது அதன் கருத்து. லண்டன் செயின்ட் பால் கோவிலைக் கட்டிய சிற்பி கிறிஸ்டோபர் ரென்னின் சமாதியில் இருக்கும் அதே வாசகம்தான். அங்கே பார்த்தால் கல்; இங்கே பார்த்தால் இலை.

1976-ல் இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2007-ல் புலிகள் காப்பகமாயிற்று. வியாபாரத்துக்கு வெட்டுவது நின்றுவிட்டது. முறை வைத்து வெட்டுவதற்கென்றே வளர்த்த தேக்குகள் தவணை தாண்டியும் கல்லறையைச் சுற்றி நிற்கின்றன. கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து அந்தக் கல்லை மூடிவிடும்.